துண்டில் எழுதிய மருந்து



பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையிலோ, பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பாதையிலோ விடியற்காலைப் பஸ்ஸில் பிரயாணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கம்பளிச் சால்வை போர்த்திய முதியவர்களும் நடுவயதுப் பெண்களும் பிளாஸ்டிக் உறையிலிட்ட ஒரு கொப்பியை மடியிலே பத்திரமாக வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். அது கிளினிக் கொப்பி. பிரஷர், சீனி வருத்தம், மூட்டுவலி ஆகியவற்றுக்கு மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலைக்கு வருகின்றவர்கள் இவர்கள். பஸ் ஏறுவதற்கு முன்னரே ஒரு நட்டம் நேர்ந்துவிடுகின்றது. அன்றைய நாளுக்குச் செக்ரோலில் பேர் விழாது. 2024ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி அந்தப் பேரின் அடிப்படைப் பெறுமதி 1,350 ரூபாவாக இருந்தது.

நமுனுகுலைப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாவை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். அவர் இலக்கம் எடுத்து, காத்திருந்து, வைத்தியரைக் கண்டு, மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வருகிறார். மூன்று மருந்துகள் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு கிடைக்கின்றன. மூன்றாவது கையிருப்பில் இல்லை. ஒரு சிறு துண்டில் அதன் பெயரை எழுதி, "இதை வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்மீது குற்றமில்லை, அலுமாரியில் இல்லாததை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? அந்த அம்மா பாமசிக்குப் போகிறார். "எந்தக் கம்பனி மருந்து வேண்டும்?" என்று கேட்கிறார்கள். "எது விலை குறைவோ அது" என்கிறார். முப்பது மாத்திரைக்குரிய விலையைக் கேட்டபின், "பத்து மட்டும் தாருங்கள் தம்பி" என்கிறார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தத் துண்டுதான். அதில் எழுதிய மருந்தின் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த விலையை யார் கொடுக்கவேண்டும் என்பது வேறொரு கேள்வி. நம் நாட்டிலே முதற் கேள்வியைப் பற்றி ஐம்பதாண்டுகளாகப் பேசியிருக்கிறோம், சட்டமும் இயற்றியிருக்கிறோம். அதற்கு விடை கண்டவுடன் இரண்டாவதற்கும் விடை கண்டுவிட்டதாக எண்ணிக்கொண்டோம். தோட்டப்புற மக்கள் அகப்பட்டுக்கொண்டிருப்பது இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள சந்திலேதான்.

மருந்தின் விலை மலைநாட்டுக்குப் புதிய விஷயமன்று. 1861ஆம் ஆண்டிலே ஹக்கலைத் தோட்டத்தில் சிங்கோனா மரத்தை நட்டு வளர்த்துப் பார்த்தார்கள். கொயினா மருந்து இம்மரத்தின் பட்டையிலிருந்து வருவது. 1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைநோய் கண்டது. அந்நோய் பரவிக் கோப்பி அழியத் தொடங்கியதும் துரைமார் பலர் சிங்கோனாவுக்கு மாறினர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை இலங்கையிலிருந்து கப்பலேறியது. விளைவு என்ன? உலகச் சந்தையில் கொயினாவின் விலை சரிந்தது. யாவாவில் விளைந்த பட்டை தரத்திலே உயர்ந்ததாகவும் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் நம் தோட்டங்களில் சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். எந்த அரசாங்கமும் கட்டளையிடாமலே ஒரு மருந்தின் விலை இவ்வாறு விழுந்தது. ஆயினும், அந்தப் பட்டையை உரித்த தொழிலாளி லயத்தில் காய்ச்சலாய்க் கிடந்தபோது அவனுக்குக் கொயினா கிடைத்ததா என்பது இலண்டன் சந்தையின் விலையைப் பொறுத்ததாக இருக்கவில்லை. அது வேறொரு கணக்கைப் பொறுத்திருந்தது.

அந்தக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளுக்கென வைத்தியசாலைகளையும் வைத்திய உத்தியோகத்தரையும் ஏற்படுத்த வழி செய்தது. அதன் பின்னர் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, இவற்றுக்கு வேண்டிய பணத்தைத் தோட்டத்து விளைபொருளின் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பெற்றார்கள். 1912இல் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும், அதனோடு சேர்ந்து தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் வந்தன. தோட்டத்தில் முறையான ஆசுபத்திரியும் டிஸ்பென்சரியும் வைத்து நடத்துகின்ற துரைக்கு அத்தீர்வையில் ஒரு பகுதி கழிவாகத் திரும்பக் கிடைத்தது. தொழிலாளர் தொகையைக் கணக்கிட்டு, தலைக்கு இத்தனை சதம் என்ற வரம்புக்குள் அரசாங்கம் மருந்தும் கொடுத்தது.

இன்றைய பாஷையிலே இதனை ஒரு மீளளிப்புத் திட்டம் என்றே சொல்லவேண்டும். ஒருவர் செலவு செய்கிறார். இன்னொருவர் அச்செலவைத் திருப்பிக் கொடுக்கிறார். தோட்டமும் அரசாங்கமும் தமக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டன. நோயாளிக்கு அந்தப் பேரேட்டிலே ஒரு பத்தி கிடையாது. அவர் தலைகளின் எண்ணிக்கையில் ஒன்று, அவ்வளவுதான். தலைக்கு இத்தனை சதம் என்று கணக்கு வந்தபோது டிஸ்பென்சரும் சதத்தைப் பார்த்தே கலவை கலக்கவேண்டியதாயிற்று. போத்தல் கொண்டுபோனவனுக்குத்தான் மருந்து என்றும், தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே நிறத் தண்ணீர்தான் என்றும் மலைநாட்டிலே வழங்கும் பகிடிகளுக்கு இது காரணமாயிருக்கலாம்.

அக்காலத்துத் துரைமாரைக் குறை சொல்வது எளிது. சொல்லவேண்டிய குறைகளும் உண்டு. ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டிலே ஒரு நியாயம் இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. மருந்துக்குரிய பணத்தை நோயாளியின் மடியிலிருந்து எடுக்காமல் கப்பலேறும் பெட்டியின்மீது அது சுமத்தியது. கொடுத்த மருந்து போதாது என்பது உண்மை. ஆனால் காசு எங்கிருந்து வரவேண்டும் என்பதிலே அந்தச் சட்டத்துக்குத் தெளிவு இருந்தது.

பின்னர் காலம் மாறிற்று. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட ஆசுபத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் என்ற தீர்மானம் 1990களிலேயே வந்தது. சில ஆசுபத்திரிகள் மாறின, பல மாறவில்லை. கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலே தோட்டத்து டிஸ்பென்சரி பாதி வழியில் நிற்கின்றது. அங்கே தலைவலிக்கும் தடிமனுக்கும் மருந்து உண்டு. மாதாமாதம் தொடர்ந்து எடுக்கவேண்டிய மருந்துக்கு நகரத்துக்குத்தான் வரவேண்டும்.

இனி விலையை நிர்ணயிக்கும் கேள்விக்கு வருவோம். இதிலே ஊவாவுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பேராசிரியர் சேனக பிபிலை அவர்கள் ஊவாவின் பிபிலையைச் சேர்ந்த குடும்பத்தவர். 1920இல் பிறந்தவர், மருந்தியற் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதி. 1971இல் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து நம் நாட்டு மருந்து நிர்வாகம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், ஒரே மருந்து பல கம்பனிகளின் பல பெயர்களிலே வருகின்றது, பெயருக்கொரு விலை, நாட்டுக்கோ அந்நியச் செலாவணி இல்லை. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலை அவர்களே அதன் முதல் தலைவர். தனியார் சந்தையில் 2,100 வரையிலிருந்த மருந்துகளின் பட்டியல் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டது. கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரால் வாங்குவது, உலகெங்கும் கேள்விமனு கோரி மொத்தமாக வாங்குவது என்ற முறைகள் வந்தன.

இதிலுள்ள நுட்பத்தைச் சற்றுக் கவனிக்கவேண்டும். பிபிலை அவர்கள் வியாபாரியிடம், "இந்த விலைக்கு மேல் விற்காதே" என்று மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. நாடு முழுவதையும் ஒரே வாடிக்கையாளனாக ஆக்கி, அந்த வாடிக்கையாளனைக் கொண்டு பேரம் பேசவைத்தார். விலை இறங்கியது அதனாலேதான். 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு இக்கொள்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் ஏறக்குறைய 200 மருந்துகளே இருந்தன. அதே ஆண்டு செப்டெம்பரிலே பிபிலை அவர்கள் ஐக்கிய நாடுகள் பணியின் நிமித்தம் சென்றிருந்த கயானா தேசத்திலே காலமானார். அதே ஆண்டிலேதான் நம் நாட்டின் பொருளாதாரக் கொள்கையும் திசை மாறிற்று. தனியார் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது.

அதற்குப் பின் நெடுங்காலம் சென்றது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உயர்ந்தபட்ச சில்லறை விலை வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் பரவலாகப் பயன்படும் மருந்துகள் அவற்றுள் இருந்தமையால் பலருக்கு நன்மை விளைந்தது. இதனை மறுப்பது நன்றியின்மை.

ஆயினும் உச்சவிலை என்பது ஒரு கூரை. கூரை தாழ்வாக இருந்தால் வியாபாரி வீட்டுக்குள் வரமாட்டான்; மருந்தே இறக்குமதியாகாது. உயரமாக இருந்தால் மலிவாக விற்றவனும் கூரையைத் தொட எம்பிப் பார்ப்பான். நம் நாட்டு மருந்துகளிலே 80 வீதத்துக்கு மேற்பட்டவை வெளியிலிருந்து வருபவை. ஆகையால் இந்தக் கூரை நமது ரூபாவின்மீதே நிற்கின்றது. 2022இன் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. கூரையை உயர்த்தாமல் வேறு வழியிருக்கவில்லை. மார்ச்சில் 29 வீத உயர்வுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. ஏப்ரில் முடிவில் 60 மருந்துகளின் உச்சவிலை 40 வீதம் ஏறியது. 2023 ஜூனில் 16 வீதம் இறங்கிற்று. ஏறியதையும் இறங்கியதையும் நேயர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்த நெருக்கடியின்போது பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்தின்மையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது என்றால், மலைப்பக்கத்துச் சிறிய ஆசுபத்திரிகளின் அலுமாரிகளைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. துண்டுகள் மலிந்த காலம் அது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் காணலாம். அரசாங்க வைத்தியசாலைக்கு மருந்து பெரும்பாலும் கேள்விமனு மூலம் மொத்த விலையில் வருகின்றது. பாமசியிலே அதே மருந்து சில்லறை விலையில் விற்கப்படுகின்றது. வைத்தியசாலை அலுமாரி நிறைந்திருக்கும் நாளில் அரசாங்கம் மலிவான விலையைக் கொடுக்கின்றது. அலுமாரி காலியான நாளில் அந்த நமுனுகுலை அம்மா கூடிய விலையைக் கொடுக்கிறார். துண்டு எழுதப்படும் அந்தக் கணத்திலே செலவு ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறுகின்றது. மாறும்போது பெருத்தும் போகின்றது. விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைக் கண்ணால் காண்பதில்லை. உச்சவிலைக்குள் விற்கப்பட்டதா என்று மட்டுமே அது கேட்கும். உச்சவிலைக்குள்தான் விற்கப்பட்டது. பத்து மாத்திரை விற்கப்பட்டது.

செலவைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடே நம் நாட்டில் இல்லையா? உண்டு. அரசாங்க உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' என்னும் காப்புறுதி இருக்கின்றது. மருத்துவச் செலவின் ஒரு பகுதியை அவர்கள் பற்றுச்சீட்டைக் காட்டி மீளப் பெறலாம். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் அங்கத்தவரான தோட்டத் தொழிலாளி, இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லை பொருத்துவதற்கும் உதவி கோரலாம். சனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னர் கொழும்பை நோக்கவேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறார்கள். இவை நல்லவை. ஆனால் இவற்றில் பெரும்பகுதி பெரிய நோய்க்கும் பெரிய சத்திரசிகிச்சைக்கும் உரியவை. இருதயத்தை வெட்டித் திறந்தால் உதவி உண்டு. இருதயம் அந்நிலைக்கு வராதபடி தினமும் விழுங்கவேண்டிய மாத்திரைக்கு, ஓய்வுபெற்ற ஒரு கொழுந்துக்காரி பற்றுச்சீட்டை நீட்டுவதற்கு ஒரு யன்னல் இல்லை.

பிரித்தானியாவிலே இந்த விஷயத்தை வேறு விதமாகக் கட்டினார்கள். 1952இல் அங்கே மருந்துச்சீட்டுக்கு ஒரு சிலிங் கட்டணம் விதிக்கப்பட்டது. சீட்டில் எழுதிய மருந்து மலிவானதோ விலையுயர்ந்ததோ, நோயாளி கொடுப்பது அந்த ஒரு சிலிங்தான். மிகுதியைக் கடைக்காரனுக்கு அரசாங்கம் கொடுக்கும். தானே கொடுக்கவேண்டியிருந்தமையால் அரசாங்கம் 1957இல் கம்பனிகளோடு விலை ஒழுங்கு பற்றி உடன்பாடு செய்துகொண்டது. கொடுப்பவன் யார் என்பது முதலில் முடிவாயிற்று. விலையைக் கவனிக்கவேண்டிய அக்கறை தானாகப் பின்தொடர்ந்தது. நாம் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். அடுத்த கரையிலே தமிழ்நாடு 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் ஒன்றை அமைத்து, 1995 முதல் அரசாங்க மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்தை மொத்தமாக வாங்கி வழங்கி வருகின்றது. பிபிலை அவர்களின் வழிதான் இது. ஆனால் இதிலே ஓர் எளிய உபாயத்தைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியிலே கொடுப்பதுபோன்ற ஒரு கணக்குப் புத்தகம். அதிலே இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று வரவு வைக்கப்படும். மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கப் பற்று எழுதப்படும். எங்கே எந்த மருந்து வேகமாகத் தீருகின்றது, எங்கே தேங்கிக் கிடக்கின்றது என்பதைப் புத்தகமே சொல்லிவிடும்.

இத்தகைய ஒரு புத்தகத்தை ஊவாவிலே ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரிக்கும் ஏன் கொடுக்கக்கூடாது? பதிவுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் இருக்கும் இடங்களில், கிளினிக் கொப்பியைக் காட்டினால் மாதாந்த மாத்திரையை அங்கேயே கொடுக்கலாம். வைத்தியரை மூன்று மாதத்துக்கொருமுறை கண்டாற் போதும் என்ற நிலையிலுள்ள நோயாளிக்கு மற்ற இரண்டு மாதமும் பேர் மிஞ்சும், பஸ் காசும் மிஞ்சும். துண்டைப் பொறுத்தவரையில், வைத்தியசாலை முத்திரையும் இலக்கமும் இட்ட துண்டாக அது இருக்கட்டும். 'ஒசுசல' என்னும் அரசாங்க மருந்துக்கடையிலோ, உடன்பாடு செய்துகொண்ட பாமசியிலோ கொடுத்தால், நோயாளி காசு கொடுக்காமல் மருந்தைப் பெறட்டும். கடைக்காரர் பணத்தை அரசாங்கத்திடம் கேட்கட்டும். வெளியே எழுதும் ஒவ்வொரு துண்டும் தன்மீது விழும் கடன் என்று தெரிந்தால், அலுமாரியை நிரப்பி வைப்பதே மலிவு என்பதை அரசாங்கம் உணரும்.

கள்ளத் துண்டுகள் வராவா என்று கேட்பார்கள். வரும். தலைக்கு இத்தனை சதம் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மையும் பேனையும் கொண்டு கணக்குப் பார்த்த நாட்டிலே, கணனி வந்த பிறகு ஒரு துண்டின் இலக்கத்தைச் சரிபார்க்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். பணத்துக்கு எங்கே போவது என்றும் கேட்பார்கள். அது கடினமான கேள்வி. தேயிலை இன்னும் கப்பலேறிக்கொண்டுதான் இருக்கின்றது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மலிவு என்பதற்காகத் தரத்தை விட்டுவிடக்கூடாது என்பதும் உண்மை. 2023இல் இமியூனோகுளோபியூலின் என்னும் ஊசிமருந்து தொடர்பாக எழுந்த விவகாரத்துக்குப் பின் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முடிக்குமுன் நடைமுறையில் உதவக்கூடிய இரண்டொரு விஷயம். உச்சவிலை மருந்துப் பெட்டியிலே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அட்டையிலிருந்து பத்து மாத்திரையை வெட்டிக் கடதாசி உறையிலிட்டுத் தரும்போது பெட்டி கடையிலேயே நின்றுவிடும். துண்டில் இருப்பது ஆங்கிலம். உறையில் எழுதுவது பல வேளைகளில் சிங்களம். ஆகையால் பெட்டியைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இதே மருந்து வேறு கம்பனிப் பெயரில் குறைந்த விலைக்கு உண்டா என்றும் கேளுங்கள். பற்றுச்சீட்டையும் துண்டையும் எறிந்துவிடாமல் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள்.

அடுத்த கிளினிக்கிலே வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பத்து நாள் மாத்திரைதான் வாங்கினேன், இருபது நாள் எடுக்கவில்லை என்று சொல்வதற்கு நம்மவர் பலர் வெட்கப்படுகிறார்கள். வைத்தியரோ, முப்பது நாளும் மாத்திரை விழுங்கியும் பிரஷர் குறையவில்லையே என்று எண்ணி அளவைக் கூட்டுவார். அல்லது இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். அந்த மருந்தும் அலுமாரியில் இல்லையென்றால் அதற்கும் ஒரு துண்டு வரும்.